போர்வையில் எந்தப் பக்கம் நான்

ஜூலை 8, புதன்

காலையிலேயே புழுக்கம். கடல்காற்றுக்கு இன்று லீவு.

காணாமல் போனவை: என் மஞ்சள் சுடிதார், எட்டாம் வகுப்புச் சீருடைப் பாவாடை, அண்ணனின் கோடு போட்ட சட்டை. அம்மாவிடம் கேட்டேன். சட்டை செய்யவே இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு தையல் மெஷின் கடகட. துப்பு துலக்கப் போனேன். பாதித் துப்பட்டாதான் கிடைத்தது.

ஜூலை 9, வியாழன்

கண்டுபிடித்தாயிற்று. ஒட்டுத்துணிப் போர்வை தைக்கிறாள். போர்த்திக்கொள்ள இல்லையாம், சுவரில் மாட்ட. பெயர் ‘என் பிள்ளைகள்’. ஞாயிறு எங்கள் பள்ளியில் கண்காட்சி.

முகம், கை, கால் எதுவும் கிடையாது. சாயம் ஏற்றிவிட்டதால் எது யார் துணி என்றும் தெரியவில்லை. இடது பக்கம் நீலம், ஒழுங்கான கட்டங்கள். வலது பக்கம் சிவப்பு. கிழிசல், பிரிந்த நூல், அந்தச் சிவப்பின் நடுவில் பெரிய ஓட்டை.

சந்தேகமே இல்லை, ஓட்டை நான்தான். அண்ணன் செப்டம்பரில் பிரான்ஸுக்குப் படிக்கப் போகிறவன். அப்பா பெட்டிகூட வாங்கிவிட்டார். நான் பக்கத்து வீட்டு காலிங்பெல்லில் பபிள்கம் ஒட்டுகிறவள்.

என் வகுப்பே வந்து பார்க்கும்.

ஜூலை 10, வெள்ளி

தூறல். அம்மா நூல் வாங்க நெல்லித்தோப்பு போனாள். அரை மணி நேரம் எனக்கு.

அண்ணன் சட்டையில் சாயம் படாத மிச்சம் இருந்தது. வெட்டி, ஓட்டைமேல் வைத்து ஐந்து தையல். கோட்டைப் பார்த்தால் எல்லோரும் அவன் என்றுதான் சொல்வார்கள்.

ஜூலை 11, சனி

மத்தியானம் அம்மா பார்த்துவிட்டாள். மூன்று பொய் தயாராக வைத்திருந்தேன். திட்டவில்லை. கதவைச் சாத்தினாள்.

“அவன் உங்கிட்டயும் சொல்லிட்டானா?”

ஒன்றும் புரியாமல் தலையாட்டினேன்.

“பெட்டியப் பாத்தாலே அழுவுறான்டி. போவ மாட்டேங்கறான். அப்பாகிட்ட அவனே சொல்லட்டும், நீ வாயத் தொறக்காத.”

அப்போ சிவப்பு அவனா என்றேன்.

“பின்ன? நீ அந்த நீலம். அடுத்து என்னா பண்ணுவன்னு எனக்கு எப்பவுமே தெரியும். அதான் கட்டம் கட்டமா.”

இதைவிடப் பெரிய அவமானம் இல்லை.

சாயங்காலம் அப்பா பெட்டிக்குப் பூட்டு வாங்கி வந்தார். நாளை கண்காட்சியில் எது யார் என்று நான்தான் அவருக்கு விளக்க வேண்டுமாம். அண்ணன் தட்டையே பார்த்துக்கொண்டு இட்லியைப் பிய்த்தான்.

ஐந்து தையலையும் பிரித்துவிட்டேன். அப்பா கேட்டால் சிவப்பு நான்.