பூட்டும் பத்து மாடியும்

அன்புள்ள கண்ணு,

முதலில் என் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன். நேற்று பத்து மாடிக் கட்டடத்தில் லிஃப்டைப் பழுது பார்க்கப் போனேன். வேலை முடியும்வரை யாரும் கரண்டைப் போட்டு என்னை நசுக்கிவிடக் கூடாதல்லவா? மெயின் ஸ்விட்சில் என் பூட்டைப் போட்டு, சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அப்போதுதான் காவலாளியின் ரேடியோவில் செய்தி வந்தது. நீ வேலை பார்க்கும் ஏவுதளத்திலிருந்து அடுத்த வாரம் கிளம்பும் ராக்கெட்டில் போவது ஆயுதமாம். ஏவினால் ஏவுதளத்தையே அடிப்போம் என்கிறது அடுத்த நாடு. போட்டது போட்டபடி வீட்டுக்கு ஓடிவந்துவிட்டேன், சாவியோடு.

பத்து மாடி ஜனமும் படியேறியது. "யோவ் மெக்கானிக், என் முழங்காலுக்கு யாருய்யா பதில் சொல்றது?" என்று மேனேஜர் போனில் கத்தினார். உன் அம்மா மட்டும் சிரிக்கவில்லை, திட்டவுமில்லை. அதுதான் எனக்குப் பயம்.

பிறகு நீ கூப்பிட்டாய். "வானிலை பாக்கற சாட்டிலைட்தாம்பா" என்றாய்.

"பக்கத்துல போற மத்த நாட்டு சாட்டிலைட்டைப் பிடிச்சுத் தள்ளுமாமே?" என்றேன்.

நீ பேச்சை மாற்றினாய். "சாப்டீங்களாப்பா?" என்றாய்.

"ஓ, ஆச்சே" என்றேன். அதுவும் பொய்.

ஒன்பதாம் வகுப்பில் இரண்டு முறை உட்கார்ந்தவன், உனக்கு யோசனை சொல்ல நான் யார்? போனில் வாய் வரவில்லை, எழுதிவிடுகிறேன். அடுத்த வாரம் ராக்கெட்டை ஏவ அழுத்தப்போகும் அந்த ஸ்விட்சுக்கு ஒரு பூட்டு இருந்து, அதன் சாவி உன் கையில் இருந்தால், உன் அப்பனைப் போலவே மறந்து, பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடும்மா.

உன் மறதிக்கார
அப்பா