படத்தின் ஓரத்தில் ஒரு கை

யூலை 6, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. முழங்கால் வலி. பஸ்ஸில் த்ரீ கிங்ஸ் பக்கம் வேலைக்கு. இந்த நாட்டில் யூலை நடுக்குளிர், படக்கடையில் ஹீட்டர் இன்னும் திருத்தப்படவில்லை. முதலாளி செந்திலுக்கு மட்டும் குளிராது போல.

பத்து மணிக்கு ஒரு வெள்ளைக்காரப் பெண், பெயர் ஜோன். என் வயதிருக்கும், அறுபத்தைந்து, அறுபத்தாறு. பிஸ்கட் டின் நிறையப் பழைய படங்கள். இங்கிலாந்தில் ஷ்ரொப்ஷயர் என்ற பக்கமாம், வயலும் மாடும்தானாம். அவருடைய சித்தப்பா ஒருவர் கமராவோடு திரிந்து எடுத்தவை. எல்லாம் ஸ்கான் செய்ய வேண்டும். ஒன்றை மட்டும் பெரிதாக்கிச் சட்டம் போட வேண்டும். அது அவர் அப்பா.

ஜோனின் அம்மா நகரின் தெற்கே மனுரேவாவில், முதியோர் இல்லத்தில். சனிக்கிழமை பிறந்தநாள், தொண்ணூற்றிரண்டு.

"அம்மாவுக்கு முகங்கள் மறந்துகொண்டு வருகின்றன. அப்பாவை இன்னும் மறக்கவில்லை. மறக்க முதல் சுவரில் மாட்டிவிட வேண்டும். தூசி, கீறல் எல்லாம் எடுத்து நல்லபடி செய்து தாருங்கள்" என்றார்.

பின்னேரம் வரை ஸ்கான். பார்த்தவை:
– கொடியில் சேர்ட்டுகள், காற்று ஊதிப் பருத்து.
– பாண் விற்க வந்த வானுக்குப் பின்னால் மூன்று பெண்கள், ஒருத்திக்கு வாய் நிறையச் சிரிப்பு.
– பன்றியைத் துரத்தும் கிழவர். பன்றி முன்னுக்கு.
– வைக்கோல் வண்டிக்குக் கீழே யாரோ நித்திரை. சப்பாத்து மட்டும் தெரிகிறது.

ஒருவரும் கமராவைப் பார்க்கவில்லை. நாங்கள் என்றால் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்போம். தெரிந்த முகம் ஒன்றும் இல்லை, ஆனாலும் ஒவ்வொன்றையும் திரும்பத் திரும்பப் பார்த்தேன். மத்தியானச் சாப்பாடு அப்படியே பையில்.

யூலை 7, செவ்வாய்

இன்றும் மழை. ஜோனின் அப்பா. வயல் வாசல் கேற்றில் சாய்ந்து நிற்கிறார். தொப்பி, வாயில் சிகரெட், முழங்கால் வரை சேறு, காலடியில் கோழிகள். இடது ஓரத்தில் யாரோ ஒருவரின் கை மட்டும், தகரக் கோப்பை ஒன்றை நீட்டுகிறது.

முழு நாளும் இதிலேயே. சிகரெட் போயிற்று. சேறு, கோழி, கேற், ஓரத்துக் கை, எல்லாம் போயிற்று. மார்பளவு வெட்டி, கறுப்புக் கோட்டு. பின்னால் இளநீலம்.

யாழ்ப்பாணத்து ஸ்டூடியோவில் பதினொரு வருடம் செய்த வேலை. செத்தவீட்டுக்காரர் ஏதாவது கூட்டப் படத்தைக் கொண்டு வருவார்கள், முப்பத்தோராம் நாள் நினைவுப் புத்தகத்துக்கு. வெறும் மேலோடு நின்ற எத்தனை பேர் என் தூரிகையால் கோட்டுப் போட்டார்கள். அது மரியாதை.

செந்தில் மதுரைக்காரன். எட்டிப் பார்த்து, "அண்ணே, சூப்பர். கலெக்டர் மாதிரி இருக்காரு" என்றான்.

உள்ளுக்குள் பெருமைதான். மறைப்பானேன்.

யூலை 8, புதன்

மழை விட்டது. ஜோன் வந்தார். படத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். கோபப்பட்டிருந்தால் சமாளித்திருப்பேன்.

"அம்மா எங்கே?" என்றார்.

எனக்கு விளங்கவில்லை.

"அந்தக் கை அம்மாவுடையது. தேத்தண்ணீர் கொடுக்கிறார். கலியாணப் படத்துக்குப் பிறகு இருவரும் சேர்ந்திருக்கிற படம் இது ஒன்றுதான்." பிறகு மெதுவாக, "அப்பா கோட்டுப் போட்டு நான் பார்த்ததே இல்லை. இது வேறு யாரோ."

வெட்கம். வெள்ளிக்கிழமைக்குள் சரி செய்து தருவதாகச் சொன்னேன்.

அவர் போனபின் செந்தில், "விடுங்கண்ணே. ஸ்கான் அப்படியே இருக்குல்ல, திரும்பப் பண்ணிடலாம். ஊர்ல பண்றதத்தானே பண்ணீங்க" என்றான். ஆறுதலுக்குத்தான் சொன்னான். ஆறவில்லை.

யூலை 9, வியாழன்

வேலை இல்லாத நாள். மின்சாரக் கட்டணம் கட்ட வேண்டும். கட்டவில்லை.

வீட்டில் சாமித்தட்டுக்குப் பக்கத்துச் சுவரில் என் அப்பாவின் படம். கோட்டு, கழுத்தில் ரை. அவருடைய முப்பத்தோராம் நாளுக்கு நான் செய்தது. சுன்னாகம் சந்தையில் எடுத்த படம், ஏழெட்டுப் பேர் நின்றார்கள். அப்போது கம்பியூட்டர் ஏது, கத்தரிக்கோல்தான். அப்பாவை வெட்டி எடுத்து மிச்சத்தைக் கூடைக்குள் போட்டேன். நெகற்றிவும் இல்லை.

மனைவி வசந்தியிடம் நடந்ததைச் சொன்னேன். மரக்கறி வெட்டிக்கொண்டே, "மாமாவை நான் கண்டதில்லைத்தானே. கலியாணம் கட்டி வந்த புதுசில இந்தப் படத்தைப் பார்த்து, பெரிய உத்தியோகத்தர் எண்டுதான் நினைச்சன். வெங்காய யாவாரி எண்டு பிறகுதான் தெரியும்" என்றாள்.

நாற்பது வருடமாக வேறு யாரையோ கும்பிட்டிருக்கிறாள். அவளைக் குறை சொல்லி என்ன.

யூலை 10, வெள்ளி

தூசி எடுத்தேன். மூன்று கீறல், ஒரு மடிப்பு. வேறொன்றிலும் கை வைக்கவில்லை. கோப்பைக்கு மேலே மெல்லிய வெள்ளை, கீறல் என்று அழிக்கப் போனேன். தேத்தண்ணீரின் ஆவி. நல்ல காலம், கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன்.

ஜோனுக்குப் போன். "நாளைக்கு நீங்களே கொண்டு வாருங்களேன். கையைத் திருப்பி வைத்த ஆளை அம்மாவும் பார்க்கட்டும்" என்றார்.

வசந்தி: "வெறுங்கையோட போகாதேங்கோ. கேசரி கிண்டித் தாறன்."

யூலை 11, சனி

வெயில். மோட்டர்வேயில் நெரிசல், மனுரேவாவுக்கு ஐம்பது நிமிடம். கேசரி டப்பா வசந்தி மடியில், படம் பின் சீற்றில்.

ஜோனின் அம்மா யன்னலோரக் கதிரையில். படத்தை மடியில் வைத்தோம். மூக்கு முட்டக் குனிந்து பார்த்தார். விரல் புருஷனின் முகத்தில் நிற்கவில்லை. ஓரத்துக்குப் போய்க் கோப்பையில் நின்றது.

"இரண்டு கரண்டி சீனி கேட்பார்" என்றார். "நான் ஒன்றுதான் போடுவேன். கடைசிவரை கண்டுபிடிக்கவில்லை."

ஜோன் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வசந்தி எனக்கு முதல் அழுதுவிட்டாள்.

கேசரி பிடித்துக்கொண்டது, இரண்டாம் தரமும் வாங்கினார். பிறகு என்னிடம், உங்கள் அப்பா படம் இருக்கிறதா என்று கேட்டார். போனில் காட்டினேன்.

"நல்ல கோட்டு. எங்கே புறப்பட்டு நிற்கிறார்?"

சந்தைக்கு என்றேன்.

"இந்தக் கோட்டிலா?" சிரித்தார். "கையில் என்ன வைத்திருக்கிறார்?"

தராசு என்று சொல்லியிருக்கலாம். யார் மறுக்கப் போகிறார்கள்.

தெரியாது என்றேன். மார்போடு வெட்டியது நான்தான்.