அம்மா சுற்றி வரும் வீடு

பாபேசா, திம்பு

அன்பு மகள் யாங்தெனுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், பெர்த்தில் நீயும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறாய் என்று நம்பியே இதை எழுதுகிறேன். போனில் பேசினால் நீ அழுவாய், நீ அழுதால் எனக்குச் சொல்ல வந்தது மறந்துபோகும், அதனால்தான் கடிதம். அன்றைக்கு வீடியோவில் அம்மா உன்னைப் பார்த்து, "இந்தப் பொண்ணு யாரு, லட்சணமா இருக்காளே" என்று கேட்டதும் வேலையை விட்டுவிட்டு வந்துவிடுகிறேன் என்றாய். அவசரப்படாதே, இதை முழுக்கப் படித்துவிட்டு முடிவு செய்.

பக்கவாதம் வந்து போனதிலிருந்து அம்மாவுக்கு இந்த மூன்றாம் மாடி வீடு பிடிபடவே இல்லை, உனக்கே தெரியும். ஆனால் ஸ்தூபிக்குக் கூட்டிப்போய், அது வலப்பக்கம் இருக்கச் சுற்றி நடக்க ஆரம்பித்துவிட்டால் உன் அம்மா என் பழைய தெகியேதான். எந்த மூலையில் பிரார்த்தனை உருளை கிறீச்சிடும், எங்கே கல் சரிந்திருக்கும், எங்கே திரும்பினால் வெயில் முகத்தில் அடிக்கும், எல்லாம் அவள் காலுக்குத் தெரியும். பனி விழுந்த அன்று அங்கேயே வழுக்கி மணிக்கட்டு பிசகிவிட்டது. உன்னிடம் சொல்லவில்லை, திட்டாதே, இப்போது சரியாகிவிட்டது. குளிர் போகும்வரை வெளியே கூட்டிப்போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்புறம்தான் கஷ்டம். கூடத்திலிருந்து நடந்து நடந்து படுக்கையறைச் சுவரில் போய் முட்டி நிற்பாள், திரும்பத் தெரியாது, சுவரைத் தட்டி, "கதவைத் திறங்க, நான் வீட்டுக்குப் போகணும்" என்று அழுவாள். பக்கத்தில் நின்று நானும் அழுதிருக்கிறேன்.

ஒருநாள் காலையில் அப்படி நிற்கும்போதுதான் தோன்றியது. ஸ்தூபியில் பாதை எங்கேயும் முடிவதில்லை, நடந்துகொண்டே இருந்தால் புறப்பட்ட இடம் தானாக வந்துவிடும். இங்கே எந்தப் பக்கம் போனாலும் சுவர்தான். படுக்கையறைக்கும் சமையலறைக்கும் நடுவில் ஒரு கதவு உண்டே, அதை மறைத்துத்தானே உன் பெரிய அலமாரியை வைத்திருந்தோம். கீழ்வீட்டுக்காரன் தாண்டினும் அவன் தம்பியும் வந்து அதைப் பால்கனிக்கு நகர்த்தித் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டார்கள். உன் பட்டுத்துணியெல்லாம் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது.

இப்போது கூடம், நடைவழி, படுக்கையறை, சமையலறை, மறுபடி கூடம். முதலில் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டுதான் வந்தாள். ஒவ்வொரு சுற்றிலும் "இது யாரு வீட்டு அடுப்பு?" என்பாள், நம்ம அடுப்புதான் என்பேன். நிலைப்படி, குழாய், ஜன்னல் எல்லாவற்றையும் தொட்டுத் தொட்டுப் போவாள். போகப் போக அடுப்பைப் பற்றிக் கேட்பது நின்றது. ஒருநாள் நான் மிளகாய் நறுக்கிக்கொண்டிருந்தபோது தானாகவே குளியலறைக்குப் போய்விட்டு வந்து மறுபடி சுற்ற ஆரம்பித்தாள், நான் கத்தியும் கையுமாக நின்றேன். தாண்டின் பெண்டாட்டி சோக்கி மேலே வந்து, "மாமா, எங்க தலைமேல லாரி ஓட்டுறீங்களா?" என்று சத்தம் போட்டாள், விஷயத்தைச் சொன்னதும் இறங்கிப் போனவள் மறுவாரம் அம்மாவுக்குக் கம்பளிச் செருப்பு பின்னிக் கொண்டுவந்தாள். ஒருதரம் உப்பு எடுக்க நான் எதிர்த்திசையில் போய்விட்டேன். அம்மா இடுப்பில் கை வைத்து, "ஏய் மனுஷா, சுத்துற திசைகூடத் தெரியாதா? இத்தனை வருஷம் மலையில லாரி ஓட்டினியா, இல்ல மாடு ஓட்டினியா?" என்றாள். எத்தனை மாதம் ஆயிற்று அவள் என்னைத் திட்டி!

பொய் சொல்ல மாட்டேன், உன் பெயர் அவளுக்கு இன்னும் வரவில்லை. நீ வேலையை விட வேண்டாம், வசந்தத்தில் லீவு கிடைக்கும்போது வா. வந்ததும் வாசலில் நின்று "என்னைத் தெரியுதா" என்று கேட்காதே. பையை வைத்துவிட்டு அவள் பின்னால் நட. நேற்று சாயங்காலம் நான் அப்படித்தான் நடந்துகொண்டிருந்தேன், சமையலறை வாசலில் நின்று திரும்பி என் பக்கம் கையை நீட்டினாள். "பார்த்து வா, இங்க படி இருக்கு" என்றாள்.

நேரத்துக்குச் சாப்பிடு, இரவு வேலை முடிந்து தனியாக நடந்து வராதே. எங்கள் இரண்டு பேர் ஆசியும் உன் தலைமேல் எப்போதும் உண்டு.

உன் அப்பா,
ரிஞ்சின்