இடது காதில் இரண்டு வெட்டு

அன்புள்ள தம்பி,

இங்கே மழை விடவில்லை. உன் பிள்ளைகளுக்குச் சளி குணமானதா?

லூகோ சந்தையில், கசாப்புக்குப் போகும் லாரியில் ஒரு மலைக் குதிரைக்குட்டி நின்றிருந்தது. தலையெல்லாம் சேறு. கம்பி இடுக்கில் மூக்கை நீட்டி என் சட்டைக் கையைச் சப்பியது. நான் லாரி முன்னால் போய் நின்றுகொண்டேன். லாரிக்காரன் சிரித்தான்.

"இந்த எலும்புல என்னா கறி தேறப் போவுது? இறக்கிக்கிட்டு வழிய விடும்மா."

பக்கத்து வீட்டு சபேலா தன் புல்வெளியில் வைத்து வளர்ப்பதாகச் சொன்னாள். அவள் வீட்டுக் குழாயடியில்தான் குட்டியைக் கழுவினேன். சேறு போனதும் இடது காது தெரிந்தது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வெட்டு.

ஜூலையில் குதிரைகளை மலையிலிருந்து இறக்கிப் பிடரி மயிர் கத்தரித்த அன்று, இந்தத் தலையை நான்தான் பிடித்திருந்தேன். காதில் நம் வீட்டு அடையாளத்தை வெட்டியது நீ. "இனிமே இது நம்ம வீட்டுப் புள்ள, அக்கா" என்றாய்.

சபேலா எட்டிப் பார்த்தாள். "ஏண்டி, இது உங்க வீட்டு வெட்டு மாதிரியில்ல இருக்கு?"

"இல்ல. வேற யாரோடதோ."

"காத வெட்டி வீட்டோட சேத்துக்கிட்டு, கறிக்கு அனுப்பியிருக்கான் பாரு. அந்தக் கை வெளங்குமா? அழுகித்தான் போவும்!"

நான் சும்மா இருந்திருக்கலாம். அவளுக்குச் சந்தேகம் வரக் கூடாதே என்று, "போவட்டும்" என்றேன்.

அவள் உள்ளே போனதும் அதே குழாயில் என் வாயைக் கழுவினேன்.

குட்டி நன்றாக மேய்கிறது. உன் கை எப்படி இருக்கிறது? அதை மட்டும் எழுது.

உன் அக்கா