இரண்டு அரளிப் பொட்டலங்கள்

18.8.2002, ஞாயிறு

அன்புள்ள சித்ராக்காவுக்கு,

வெள்ளிக்கிழமை காலையில் அம்மா என்னிடம் ஒன்று கேட்டாள். நான் 'சரி' என்று சொல்லவில்லை. 'மாட்டேன்' என்றும் சொல்லவில்லை. இரண்டில் ஒன்றைச் சொல்லியிருந்தால் இந்தக் கடிதத்தை வேறு மாதிரி தொடங்கியிருப்பேன். முதலில் உன் சுகத்தை விசாரித்திருப்பேன். நீயும் வயிற்றுப் பிள்ளையும் மாமாவும் நலமா? ரத்தக் கொதிப்பு குறைந்ததா? காலில் வீக்கம் என்று எழுதியிருந்தாயே, உப்பைக் குறைத்தாயா? பக்கத்து வீட்டு போனில் பேசக்கூடிய விஷயம் இல்லை என்பதால்தான் எழுதுகிறேன்.

கவரின் மேல் அனுப்புநர் முகவரியில் மாவட்டப் பெயர் என்ன போடுவது என்று ஒரு நிமிடம் குழம்பினேன். போன வருடம் நாம் அரியலூர் மாவட்டம். இந்த ஏப்ரலிலிருந்து மறுபடியும் பெரம்பலூர் மாவட்டம். உட்கார்ந்த இடத்திலேயே ஊர் மாறிக்கொண்டிருக்கிறது. மழை இல்லை. முந்திரி மட்டும் நிற்கிறது, கடலை போய்விட்டது.

உன் கடிதம் வந்த நாளிலிருந்து வீட்டில் ஒரே பேச்சு. மாமாவின் அம்மா உயிரோடு இல்லை, மாமாவுக்கு ஷிப்டு வேலை, ஏழு மாத வயிற்றோடு நீ தனியாகத் தண்ணீர் தூக்குகிறாய் என்று படித்ததும் அம்மா சோற்றைத் தொடவில்லை. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்று பிடிவாதமாக நின்றாள். அப்பா கோபப்படவில்லை, அக்கா. கோபப்பட்டிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். அவர் நிதானமாகச் சொன்னார்: "அவ தலையில வேற தண்ணிய ஊத்திக்கிட்டுப் போயிட்டா. செல்லியம்மா பெட்டி இருக்கிற வூடு இது. இங்க வந்து அவ புள்ள பெத்துக்கலாமான்னு நான் எப்புடிச் சொல்றது? பூக்கட்டி ஆத்தாளையே கேட்டுருவோம். வெள்ளை வந்தா நானே போயி கூட்டிட்டு வரேன். செவப்பு வந்தா அப்பறம் ஒருத்தரும் வாயத் தொறக்கக் கூடாது."

இந்தத் தலைமுறையில் சாமிப் பெட்டியைக் காப்பது அப்பாவின் முறை. அம்மனின் சேலையையும் சலங்கையையும் வீட்டில் வைத்துக்கொண்டு இருக்கிறவர் தன் இஷ்டத்துக்கு முடிவெடுக்க மாட்டார். இரண்டு வருடத்துக்கு முன் நீ கோயிலில், இல்லை, தேவாலயத்தில் கல்யாணம் செய்துகொண்டபோதும் அவர் உன்னைத் திட்டியதில்லை, நினைவிருக்கிறதா? பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆடிக் கடைசி வெள்ளி என்று நாள் குறித்தார்கள். பூக்கட்டிப் பார்ப்பதற்கு வீட்டில் கல்யாணமாகாத பெண்தான் பொட்டலம் கட்ட வேண்டும். அதனால் நான். காலையில் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்றேன். அம்மா சீயக்காய்க் கிண்ணத்தை நீட்டுகிறவள் போல வந்து காதருகே சொன்னாள்: "அனுசு, ரெண்டுலயும் வெள்ளையே வச்சுருடி. ஆத்தாளுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்."

நான் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தேன். அம்மா அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள்.

கோயிலில் வீராயி அத்தை இருந்தாள். அண்ணன் வீட்டு விஷயம் என்றால் அவள் இல்லாமலா? வாழை இலைத் துண்டும் நாரும் கொடுத்துவிட்டு, "ஒலகத்துச் சாமியெல்லாம் ரயிலேறிப் போயி படிக்கிறா, நம்ம சாமிக்கு ரெண்டு பொட்டலம் கட்டத் தெரியாதா இவளுக்கு?" என்று சிரித்தாள். நான் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தேன். மடியில் நான்கு பூக்கள் இருந்தன. வெள்ளை அரளி இரண்டு, சிவப்பு அரளி இரண்டு. எதை வைத்தாலும் யாருக்கும் தெரியாது. இரண்டும் கைக்கு ஒரே கனம்தான்.

ஒன்றில் வெள்ளையை வைத்தேன். ஒன்றில் சிவப்பை வைத்தேன்.

பூசாரி அமாவாசை இரண்டையும் அம்மன் காலடியில் போட்டுக் கலைத்தார். அப்பா கண்ணை மூடிக்கொண்டு குனிந்தார். அவர் கை ஒரு பொட்டலத்தின் மேல் போய், விலகி, மற்றதை எடுத்தது. அம்மா அதற்குள்ளேயே கும்பிட்டுவிட்டாள், அக்கா. வெள்ளைதான் வரும் என்று தெரிந்த முகத்தோடு கும்பிட்டாள். அப்பா நாரைப் பிரித்தார். சிவப்பு.

எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது என்பது வழக்கம். அமாவாசை அதைப் பொங்கல் அடுப்பில் போட்டுவிட்டார். அம்மா என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்கு வரவில்லை.

நான் ஏன் அப்படிச் செய்தேன் என்று மூன்று நாளாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். எனக்குச் சாமி பயம் இல்லை. இந்த வருடம் கல்லூரியில் உலக சமயங்கள் என்று ஒரு பாடம் எங்களுக்கு. எந்தச் சமயத்தைப் பற்றியும் வெளியே நின்று தீர்ப்புச் சொல்லாதே, உள்ளே போய் அவர்கள் கண்ணால் பார் என்பதுதான் முதல் வகுப்பிலேயே சொல்லப்பட்டது. எனக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. தெய்வத்திடம் கேட்பது என்ற தலைப்பில்தான் கட்டுரை எழுதினேன். சீனத்துக் கோயில்களில் பிறை வடிவ மரத்துண்டுகள் இரண்டைத் தரையில் போட்டுக் கேட்கிறார்கள். ஜப்பானில் சீட்டு எடுத்து, கெட்டதாக வந்தால் அதைக் கோயிலிலேயே கட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். உங்கள் வேதத்திலும் இருக்கிறது. யூதாசின் இடத்துக்கு இன்னொருவரைத் தேர்ந்தெடுக்கச் சீட்டுத்தான் போட்டார்கள். சீட்டில் கை வைப்பவன் நேர்மையாக இல்லாவிட்டால் கேள்வியே இல்லை என்று அழகாக ஒரு வரி எழுதி, நல்ல மதிப்பெண்ணும் வாங்கினேன்.

அந்த வரிதான் அன்று என் கையைப் பிடித்தது. நம்புகிற அம்மா ஏமாற்றத் துணிந்தாள். நம்பாத நான் நேர்மையாக இருந்தேன். இதற்கு என்ன பெயர் என்று எந்தப் புத்தகத்திலும் காணவில்லை.

என்னைத் திட்டி ஒரு கடிதம் எழுது. திட்டாமல் மட்டும் இருந்துவிடாதே.

உன் தங்கை,
அனுசுயா


1.9.2002, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நன்றாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டுதான் பேனாவை எடுக்கிறேன். உன் பதில் வந்தது. 'நீ செய்தது சரிதான், வருத்தப்படாதே' என்று எழுதியிருக்கிறாய். அதற்குக் கீழே, போன வாரம் தலை சுற்றி விழுந்ததாகவும் மாமா வரும்வரை தரையிலேயே கிடந்ததாகவும் இரண்டே வரி. அந்தக் கடிதத்தைத் திருச்சி பாசஞ்சரில் வைத்துப் படித்தேன். எதிரே ஜமீலா உட்கார்ந்திருந்தாள். லப்பைக்குடிக்காட்டுப் பெண், விடுதியில் தங்கி என்னோடு படிக்கிறவள். அன்று ஏதோ கல்யாணத்துக்காக அரியலூர் வந்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தாள். நான் யாரிடமும் எதையும் சொல்கிறவள் இல்லை என்று உனக்குத் தெரியும். அவளிடம் சொன்னேன்.

அவளும் என் கட்டுரையைப் படித்தவள்தான். அவர்களிடமும் இப்படி ஒன்று உண்டு. முடிவு தெரியாமல் தவிக்கும்போது தொழுதுவிட்டு அல்லாவிடம் வழி கேட்பார்கள். அதைப் பற்றி ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் என் கையில் நறுக்கென்று கிள்ளினாள். "ஏன்டி, உங்கம்மா பதில் சொல்லிக்கிறேன்னது அந்தச் சாமிக்கு. அது அவங்க ரெண்டு பேருக்குள்ள. நடுவுல உன்னைய யாருடி நாட்டாமைக்குக் கூப்புட்டா?" என்றாள். பெட்டியில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கல்லக்குடி வந்தபோதுதான் நான் ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பினேன்.

அவள் சொன்னது சரி. எல்லாச் சமயத்தையும் உள்ளே போய்ப் பார்த்தேன் என்று பெருமைப்பட்டவள், அம்மாவின் சமயத்தை மட்டும் பார்க்கவில்லை. அதில் செல்லியம்மன் நீதிபதி இல்லை. எதிர்வீட்டு மூத்தவள் மாதிரி. ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுப் பிறகு போய் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம். அப்பாவின் சமயம் வேறு. இரண்டும் ஒரே கோயில், ஒரே சிலை.

இனி எழுதுவதை நிதானமாகப் படி.

நேற்று அப்பா முந்திரித் தோப்பிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். நான் போய் நின்று, "அப்பா, அன்னைக்கி ரெண்டு பொட்டலத்துலயும் செவப்புத்தான் வச்சேன்" என்றேன். அவருக்குப் புரியவில்லை. மறுபடியும் சொன்னேன். ஏன் என்று கேட்டார். "அக்காவும் புள்ளையும் வந்தா எனக்குப் படிக்க எடமிருக்காது. பரீட்சை வருது" என்றேன். பொய் இவ்வளவு ஒழுங்காக என் வாயிலிருந்து வரும் என்று எனக்குத் தெரியாது.

அவர் சொம்பைக் கீழே வைத்தார். அடிப்பார் என்று நினைத்தேன். "சாமிகிட்ட வெளயாடுறதுக்கா உன்னைய ரயிலேத்தி அனுப்புனேன்?" என்று மட்டும் கேட்டார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு நேராகப் பூசாரி வீட்டுக்குப் போனார். அமாவாசை சொன்னதை வந்து அம்மாவிடம் சொன்னார்: "ரெண்டும் செவப்புன்னா கேள்வியே கேக்கலன்னுதான் கணக்காம். ஆத்தா வேணாம்னு சொல்லவேயில்லையாம். மறுபடி கேக்கணும்னா வருசம் ஒண்ணு ஆவணும், அதுவரைக்கும் வூட்டுக்காரன் பாடுன்னுட்டாரு. வியாழக்கெழம தூத்துக்குடி போயி புள்ளைய கூட்டிட்டு வந்துடுறேன். பரிகாரத்துக்குப் பொங்க வச்சுருவோம்."

அக்கா, 'புள்ளைய' என்று சொன்னபோது அவர் குரலைக் கேட்டிருக்க வேண்டும் நீ. அவர் எத்தனை நாளாக இந்த வழிக்காகக் காத்திருந்தார் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. உத்தரவு இல்லாமல் அவரால் அசைய முடியவில்லை, அவ்வளவுதான்.

என்னிடம் திரும்பி, "இனிமே காலேசு வேணாம்" என்றார். நான் தலையாட்டினேன்.

அம்மாவும் நம்பிவிட்டாள். அவள் இரண்டிலும் வெள்ளை வைக்கச் சொன்னதற்கு நான் வேண்டுமென்றே இரண்டிலும் சிவப்பை வைத்துவிட்டேன் என்று நம்புகிறாள். நேற்று முதல் என்னோடு பேசவில்லை. என் தட்டில் சோற்றைப் போட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நாலு தடவை வாயைத் திறந்தேன். அம்மாவுக்குத் தெரிந்தால் அன்றைக்கே அப்பாவுக்குத் தெரியும். அவளால் எதையும் உள்ளே வைத்துக்கொள்ள முடியாது. அப்பாவுக்குத் தெரிந்தால், சிவப்பு சிவப்புத்தான்.

எனக்கு இன்னொரு கலக்கமும் இருக்கிறது. உன்னிடம் மட்டும்தான் சொல்வேன். அந்தச் சிவப்பு உண்மையிலேயே ஒரு பதிலாக இருந்தால்? இரண்டில் ஒன்று வருவதற்குச் சரிபாதி வாய்ப்பு என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும், பாடம் எழுத உட்கார்ந்தால் கை நிற்கிறது. எழுந்து போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிறேன், வருகிறேன், மறுபடியும் போகிறேன். மாடு குடிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறது.

இந்தக் கடிதம் புதன்கிழமைக்குள் வந்துவிடும். என் முதல் கடிதத்தையும் இதையும் அடுப்பில் போட்டுவிடு. மாமாவிடம்கூடச் சொல்லாதே. அப்பா வரும்போது நீ ஒன்றும் அறியாதவள். அவர் சொல்லும் கதையைக் கேட்டு என்மேல் கோபப்படு. கொஞ்சம் நன்றாகவே கோபப்படு, நீ நடிப்பில் மோசம். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காராதே, காற்று. வீட்டுக்கு வந்து சேர், அது போதும்.

அனுசுயா


2.2.2003, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

குழந்தை பஸ்ஸில் அழாமல் வந்தாளா? நீங்கள் போன பிறகு வீடு பெரிதாகிவிட்டது. அப்பா நேற்றுக்கூடத் தூளி கட்டியிருந்த விட்டத்தைக் கையால் தட்டிவிட்டுப் போனார். பேத்திக்கு மேரி என்று ஒரு பெயர் இருப்பதை அவர் மறந்தவர் போல இருக்கிறார். கூப்பிடுவது செல்லம்மா என்றுதான். நீ அதற்குச் சிரித்துக்கொண்டது நல்லதாயிற்று. வீராயி அத்தை, "மூக்கு அப்புடியே எங்க ஆத்தா மூக்கு, எந்தச் சாமி தண்ணி ஊத்துனாலும் மாறுமா?" என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

ஐந்து மாதம் ஒரே வீட்டில் இருந்தோம். அந்தப் பொட்டலங்களைப் பற்றி நாம் ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மா உனக்குப் பூண்டுக் குழம்பு வைக்கும்போதெல்லாம் என்னைப் பற்றிக் குறைசொன்னதும், நீ என் பக்கம் பார்க்காமல் சாப்பிட்டதும் எனக்குத் தெரியும். சொல்லாமல் இருந்ததற்கு நன்றி. இனியும் சொல்லாதே.

உனக்கு வலி எடுத்த அன்று உன்னைக் காரில் ஏற்றிவிட்டு, வீட்டில் நான் மட்டும் இருந்தேன். அதுவரை படித்த எந்தச் சமயத்தின் வாசகமும் வாயில் வரவில்லை. பெட்டிக்கு முன்னால் நின்று, "தப்பு என்னுதுதான், அவளை விட்டுரு" என்று சொன்னேன். யாரிடம் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை. சொன்னேன் என்பது மட்டும் தெரியும். மூன்று மணி நேரம் கழித்துத்தான் நீங்கள் இருவரும் நலம் என்று ஆள் வந்தது. அதைப் பதில் என்று எழுதவும் எனக்குத் துணிவில்லை, இல்லை என்று எழுதவும் இல்லை.

நீ கிளம்பும்போது, அப்பாவிடம் என் படிப்பைப் பற்றிப் பேசட்டுமா என்று கேட்டாய். வேண்டாம் என்றேன். அவர் மனது தெளிந்தால் தானாக அனுப்புவார். அனுப்பாவிட்டாலும் புத்தகங்கள் என்னிடம்தான் இருக்கின்றன. ஜமீலா தன் குறிப்புகளைத் தபாலில் அனுப்புகிறாள். பௌத்தம் வரைக்கும் வந்திருக்கிறது.

உன் மகளை உன் சாமியும் நம் சாமியும் தகராறு இல்லாமல் பார்த்துக்கொள்ளட்டும். அவளுக்கு எழுத்துத் தெரிய வரும்போது சித்தி ஒருத்தி இருக்கிறாள் என்று சொல்லிக் கொடு.

வெள்ளிக்கிழமை கல்லூரியிலிருந்து கார்டு வந்தது. வருகை நாட்கள் போதாததால் என் பெயரை எடுத்துவிட்டார்கள்.

உன் தங்கை,
அனுசுயா