போர்வை வரவில்லை, கோட்டு வந்தது

அன்புள்ள ரூரிக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், ஆடுகள் சுகம், கூரை இந்த வருஷக் காற்றுக்கும் தாங்கி நிற்கிறது. நீயும் மருமகள் லிண்ட்சியும் அந்த மினசோட்டாப் பனியில் மூக்கும் காதும் இருந்த இடத்திலேயே இருக்க நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேசாமல் இவள் ஏன் காகிதம் எடுத்தாள் என்று யோசிப்பாய். போன் இருப்பது முன்னறையில், உன் அப்பா உட்காருவதும் முன்னறையில். சாப்பிடக் கூப்பிட்டால் கேட்காத காது, அவரைப் பற்றி யாராவது பேசினால் மட்டும் நன்றாகக் கேட்கிறது. அதனால்தான் அடுக்களையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீ அனுப்பிய பெட்டி வந்து சேர்ந்தது. சிவப்பும் கறுப்புமாகக் கட்டம் போட்ட கோட்டையும் பார்த்தேன், தடவியும் பார்த்தேன். உலகத்துக்கெல்லாம் கம்பளித் துணி அனுப்புகிற நம் ஹாரிஸ் தீவுக்கு, என் ராசா, நீ பருத்தியில் கோட்டு அனுப்பியிருக்கிறாய். அடுத்த தடவை ஒரு பாட்டிலில் கடல் தண்ணீர் அனுப்பு, அதையும் வாங்கி வைத்துக்கொள்கிறோம். கூடவே அந்தப் புகைப்படம். நீ, லிண்ட்சி, அவள் அப்பா அம்மா, நாய், எல்லோரும் ஒரே கட்டத்தில் சட்டை போட்டுக்கொண்டு ஒரு மரத்துக்கு முன்னால் பல்லைக் காட்டி நிற்கிறீர்கள். பக்கத்து வீட்டுப் பெய்கிக்கு இந்தத் தீவில் யார் எந்தக் குலம், எந்தக் குலத்துக்கு எந்தக் கட்டம் என்பதெல்லாம் தூக்கத்திலும் தெரியும் அல்லவா? அவள் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துவிட்டு, இது எந்தக் குலத்துக் கட்டமும் இல்லையே எஃபி, உன் மவன் மக்லியோட் குலம், அது சரி, அந்த நாய் எந்தக் குலம், அப்பன் வழியா ஆத்தா வழியா என்று கேட்டாள். சம்பந்தி வழி என்று சொல்லி அனுப்பினேன்.

சிரித்தது அவ்வளவுதான். இனிமேல் எழுதுவதைக் கொஞ்சம் உட்கார்ந்து படி. பெட்டி வருவதற்கு முன்னால் நீ போனில் அப்பாவிடம் பேசினாயே, குளிருக்கு உங்களுக்கு ஒரு பிளாடு அனுப்புறேன்பா என்று சொன்னாயே, ஞாபகம் இருக்கிறதா? மற்றதெல்லாம் நம் தீவுப் பேச்சு, நடுவில் அந்த அமெரிக்கச் சொல் ஒன்று. நான் கல்யாணத்துக்கு முன் கிளாஸ்கோவில் துணிக்கடையில் நின்றவள், அமெரிக்கக்காரர்கள் வந்து கழுத்துத்துணியிலிருந்து கைக்குட்டை வரை கட்டம் போட்ட எதையும் அந்தப் பேர் சொல்லித்தான் கேட்பார்கள், எனக்குத் தெரியும். உன் அப்பா ஆட்டை விட்டு எங்கே போனார்? கிட்டத்தட்ட அதே சத்தத்தில் நம் வாயில் பிளாஜ என்றால் போர்வை, அவர் காதில் விழுந்ததும் அதுதான். போனை வைத்துவிட்டு என்னிடம் வந்து, பையன் போர்வை அனுப்புறானாம் என்று சொன்னார். சொல்லிவிட்டு நிற்க முடியாமல் வெளியே போய்விட்டார். நான் சன்னல் வழியாகப் பார்த்தேன், காற்றில் தொப்பி பறந்துபோனது, மனுஷன் அதைத் துரத்தக்கூட இல்லை.

நம் வீட்டில் போர்வை வந்தால் என்ன அர்த்தம் என்று நீ மறந்திருப்பாய். வீட்டுச் சொல்லையே மறந்தவனுக்கு இது எங்கே ஞாபகம் இருக்கும்? உன் தாத்தா திமிங்கல வேட்டைக் கப்பலில் போனவர், ஊர் திரும்புமுன் தன் போர்வையைத்தான் முந்தின கப்பலில் அனுப்புவார். அதைத் துவைத்து அடுப்பு மேல் காயப் போட்டு வைத்தால் ஆள் வந்ததும் படுக்கலாம். போர்வை வந்தால் பின்னாலேயே ஆள் வருகிறான் என்று பொருள். நீயும் கிளாஸ்கோவில் படித்த காலத்தில் ஒவ்வொரு விடுமுறைக்கும் அப்படித்தான் செய்தாய், உன் போர்வையில் என்னென்ன ஊர்ந்தது என்று நான் இங்கே எழுத விரும்பவில்லை.

ஆக நீ புதுவருஷத்துக்கு வருகிறாய் என்று உன் அப்பா முடிவு கட்டிவிட்டார். வீட்டோடு இருந்தாரா? தபால்காரன் முர்டோவிடம் சொன்னார், கடை வண்டிக்காரனிடம் சொன்னார், ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் போதகரிடமே சொன்னார். மாடி அறைக்கு வெள்ளை அடித்தார், அடிக்கும்போது சன்னல் கண்ணாடிக்கும் சேர்த்து அடித்துவிட்டார். ஒரு கிடாயைத் தனியாகக் கட்டி, நமக்குக்கூடப் போடாத தீனியெல்லாம் போடுகிறார். பெட்டி வந்த அன்று கோட்டை எடுத்து நாற்காலியில் போட்டார், பிறகு கையை உள்ளே விட்டுத் துழாவினார், அடியில் இருந்த காகிதத்தையும் விரித்துப் பார்த்தார். முர்டோ இன்னும் வாசலில்தான் நின்றுகொண்டிருந்தான். அவன் முன்னால், இது மேலுக்குப் போட அனுப்பியிருக்கான், போர்வையைக் கையோட கொண்டாருவான் என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். ஆமாம் என்று சொன்னேன். வேறு என்ன சொல்லச் சொல்கிறாய்? உன் மேல் எனக்கு அப்போது வந்த கோபத்துக்கு நீ கிட்டே இருந்திருந்தால் துடைப்பக்கட்டைதான்.

இப்போது அந்தக் கோட்டு அவர் உடம்பை விட்டு இறங்குவதில்லை. முதல் நாள் அதைப் போட்டுக்கொண்டு மேட்டுக்குப் போனார், ஆடுகள் யாரோ என்று நினைத்துச் சிதறி ஓடின, நம் நாய் அவரைப் பார்த்தே குரைத்தது. மழையில் அது தண்ணீரைக் குடித்துக் குடித்து ஒரு ஆள் கனம் ஆகிவிடுகிறது, வீட்டுக்கு வந்து கழற்றினால் தரையில் குளம் கட்டுகிறது. நான் நெய்த சாம்பல் நிறக் கம்பளிக் கோட்டு ஆணியில் தொங்குகிறது, அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. கப்பல் வருகிற நாளெல்லாம் இந்தச் சிவப்புக் கட்டத்தோடு டார்பர்ட் துறைக்குப் போய் நிற்கிறார், கப்பல் காலியானதும் இருமிக்கொண்டே திரும்பி வருகிறார். நேற்று எனக்குப் பொறுக்கவில்லை. இந்தக் கோமாளி வேஷத்தைப் போட்டுக்கிட்டு எதுக்குப் போறீங்க, என்னோடதைப் போட்டா குளிராவது அடங்குமே என்று கத்தினேன். அவர் பொத்தானைப் போட்டுக்கொண்டே, சாம்பல் கலர்ல நின்னா மழையில யாருக்குத் தெரியும், கப்பல் மேல நிக்குறவனுக்கு நான் தெரிய வேணாமா என்றார்.

ஆட்டுக்கு நான் பதில் சொல்லிக்கொள்வேன், பெய்கிக்கும் சொல்லிக்கொள்வேன், இதற்கு என்னால் முடியாது. அந்த ஊரில் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று அவரிடம் நான் சொல்லப்போவதில்லை. சொல்ல வேண்டுமென்றால் நீயே வந்து, அவர் முகத்தைப் பார்த்துச் சொல்.

ஆண்டவர் உன்னையும் லிண்ட்சியையும் தன் கைக்குள் வைத்துக் காக்கட்டும், உங்கள் வீட்டு அடுப்பு அணையாதிருக்கட்டும். காதை மூடித் தொப்பி போடு. அவளையும் கூட்டி வா, நாயையும் கூட்டி வா, பெய்கி இன்னும் அதன் குலத்தை விசாரித்துக்கொண்டிருக்கிறாள். முக்கியமாக, வரும் வழியில் எங்கேயாவது ஒரு போர்வை வாங்கிக்கொள், கட்டம் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி.

உன் அம்மா,
எஃபி