சபேசன் சாரை ஆப்பில் சேர்த்தது நான்தான்

நவம்பர் 3, திங்கள்

காலையிலிருந்தே புகை. முனிர்கா பஸ் ஸ்டாப்பில் எதிர்ப்பக்கம் தெரியவில்லை. மாஸ்க் வாங்கணும். கையுறை ஒரு பெட்டி. யூனிஃபார்ம் இஸ்திரி.

கரோல் பாக் சபேசன் சாருக்கு இன்று டிரெஸ்ஸிங். காலை எட்டு மணி. ஆப்பில் வேறு நர்ஸுக்குப் போய்விட்டது. நாலு வருஷமாகப் பக்கவாதத்தில் கிடக்கிறவர், முதல் நாளிலிருந்து நான்தான். சார் மனைவி, மாமி, ஃபோன் பண்ணுவார், போவேன். அவ்வளவுதான் ஏற்பாடு. ஆகஸ்டில், வீடுகளுக்கு நர்ஸ் அனுப்பும் இந்த ஆப்பில் சேர்ந்தேன். தெரிந்த நோயாளி நாலு பேரைச் சேர்த்தால்தான் ஐடி என்றார்கள். மாமி ஃபோனில் நானே ஏற்றிக் கொடுத்தேன். இனிமேல் ஒரு அமுக்கு அமுக்கினால் வந்து நிற்பேன் என்று பீற்றிக்கொண்டேன் வேறு. புத்தி கெட்டவள்.

நவம்பர் 4, செவ்வாய்

உதவி எண்ணுக்குப் பேசினேன். ஹிந்திக்காரன், ரொம்ப மரியாதை. போன வாரம் குர்காவ் வேலை இரண்டை மறுத்தேனாம், அதனால் வரிசையில் கீழே தள்ளிவிட்டதாம். அந்த இரண்டும் காலை எட்டு மணி. சாருக்காகத்தானே மறுத்தேன்? சொன்னேன். நான் சுதந்திரமாக வேலை பார்க்கிறவளாம், எதையும் மறுக்கலாமாம், கட்டாயமே இல்லையாம். அச்சா பையா என்று வைத்துவிட்டேன். அவனிடம் கத்தி என்ன.

சாயங்காலம் மாமி. "ஏண்டி ஸ்டெல்லா, நீ வரமாட்டேன்னுட்டியாமே? இதுல அப்படித்தான் போட்டிருக்கு. அவர் வாசலையே பாத்துண்டிருக்கார்."

இல்லை மாமி, இல்லை மாமி என்று பத்து தரம் சொல்லியிருப்பேன். நம்பினாரோ என்னவோ. நாளுக்கு ஒருத்தி வருகிறாளாம். சாருக்கு வாதம் வந்ததிலிருந்து ஹிந்தியெல்லாம் போச்சு, தமிழ் நாலு வார்த்தைதான் மிச்சம். வலிக்கிறது என்றால் அவர்களுக்கு எங்கே புரியும். முதுகுப் புண் பெரிதாகிவிட்டதாம்.

நவம்பர் 6, வியாழன்

சாகேத், ஊசி. துவாரகா, டிரிப்ஸ் ஏற்ற. நடுவில் இரண்டு மணி நேரம் மெட்ரோ. இரண்டு பேர் முகமும் இப்போது ஞாபகமில்லை.

நவம்பர் 8, சனி

மதியம் வேலை இல்லை. சாரைச் சும்மா போய்ப் பார்க்கலாமென்று கிளம்பினேன். சாத்துக்குடி ஒரு கிலோ. மெட்ரோவில் ஒரு பெண் ஃபோனில், "அம்மாகிட்ட சொல்லாத, ஜல்தி வந்துடறேன்." எந்த ஊர்த் தமிழோ.

அவர்கள் தெரு திரும்பியதும் ஃபோனில் ஆப் மணி அடித்தது. வாடிக்கையாளர் வீட்டருகே இருக்கிறீர்கள். பதிவு இல்லை. நேரடியாக வேலை செய்தால் ஐடி முடக்கப்படும்.

ஃபோனை அணைத்துவிட்டுப் போயிருக்கலாம். திரும்பி வந்த பிறகுதான் தோன்றியது. இல்லை, பொய். அங்கேயே தோன்றியது. பயந்துவிட்டேன். எல்லா வேலையும் இப்போது இதில்தான் வருகிறது. மூன்றாவது மாடி வரை ஏற எனக்குத் தைரியமில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

கோயில். பூசையில் மனசு ஒட்டவில்லை. பங்குச் சாமியாரிடம் சொல்லலாமா என்று பார்த்தேன். என்னவென்று சொல்ல.

நவம்பர் 11, செவ்வாய்

காலை 6.40, டீ போடும்போது ஃபோன். கரோல் பாக், சபேசன். மூக்கு ட்யூப், சிறுநீர் ட்யூப் எடுக்கணும். எதற்கென்று அதில் போடுவதில்லை. அந்த நேரத்துக்கு வேறு யாரும் கிடைக்கவில்லை போல, எனக்கே வந்துவிட்டது. டீயை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன்.

படியெல்லாம் செருப்பு. சாரைத் தரையில் இறக்கிப் படுக்க வைத்திருந்தார்கள். விடியற்காலையில் போயிருக்கிறார்.

ட்யூப் இரண்டையும் எடுத்தேன். முதுகைத் துடைத்துப் புண்ணுக்குப் புது டிரெஸ்ஸிங் வைத்தேன். யாரும் கேட்கவில்லை, வைத்தேன். அழக் கூடாதென்று நினைத்தேன், முடியவில்லை. மாமி, "இன்னிக்காவது நீ வந்தியே" என்றார்.

ஃபோனில் நாலு கட்டம். வாடிக்கையாளரிடம் ஓடிபி வாங்கிப் போடாமல் கிளம்பினால் பாதியில் விட்டதாக ஆகிவிடும். கேட்டேன். அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டு கேட்டேன். மாமி கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தார். நான் அழுத்தினேன்.

மாமி ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தார். "நட்சத்திரம் போடச் சொல்றதே, எத்தனைடி போடணும்?"

அஞ்சு என்றேன்.